கைநாட்டும் கைப்பிடி அரிசியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உணவு உரிமையும் அடையாள அட்டையும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. ரெண்டையும் ஒரே வரியில் எழுதிட்டதாலேயே ஒண்ணுக்கொண்ணு சொந்தம் மாதிரித் தோணுது. பசிக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? சோத்துக்கு அரிசி வாங்க வர்றவர் தன் முகத்தைக் காட்டி, விரலைக் காட்டி, 'நான் நான்தான்' என்று நிரூபிக்கணும் என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அது யாரை வெளியே நிறுத்துது, அதுக்கு நாம என்ன செய்யணும் – இந்த மூணையும் பேசலாம்னு இருக்கேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கவிதை எழுதுறவனுக்குச் சொல்லு மேலதான் முதல்ல கண்ணு போகும். அரசாங்கக் காகிதத்தில் ரேஷன் வாங்குகிறவருக்குப் பேர் 'பயனாளி'. நாற்று நட்டது, களை பறித்தது, அறுத்தது, கதிரடித்தது, மூட்டை சுமந்தது எல்லாம் நம்ம சனம். நெல்லு களத்தை விட்டுக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், கிடங்குக்குப் போய், ஆலையில் அரைபட்டு, சாக்கில் கட்டுப்பட்டுக் கடைக்குத் திரும்பி வரும்போது அதே சனம் 'பயனாளி' ஆகிப்போகுது. சேத்துக்குள்ள இறங்கும்போது 'உன் முகமும் போட்டோவும் ஒத்துப்போகுதா' என்று எந்த மிராசுதாரும் கேட்டதில்லை. உழைக்க அடையாளம் வேண்டாம், உண்ண அடையாளம் வேண்டும். இந்த ஒரு வரியில் இருக்கிற அநியாயத்தைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் இன்றைய பேச்சு.

சட்டம் என்ன சொல்லுது? 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமத்தில் 75 சதவீதம் பேர் வரைக்கும், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும் அதற்குள் வருவார்கள். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வீட்டில் மூத்த பெண்தான் குடும்ப அட்டைக்குத் தலைவர் என்கிறது. நல்ல விஷயம். தருமம், தானம், கருணை என்று இருந்தது உரிமை என்று ஆனது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும், அதைச் சுற்றி நடந்த போராட்டங்களும் இல்லையென்றால் இந்தச் சட்டம் வந்திருக்காது. ஆனால் 2017 பிப்ரவரி 8-இல் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. இந்தச் சட்டத்தின்கீழ் மானிய உணவு வேண்டுமென்றால் ஆதார் இருக்கணும், இல்லையென்றால் விண்ணப்பித்ததற்குச் சான்று இருக்கணும். முன் வாசலில் உரிமை என்று எழுதிப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு போட்டார்கள். சாவி உன் விரலில் இருக்கு என்றார்கள்.

நமக்கு இது புதுசில்லை. மகாட் நகராட்சி 1924-லேயே பொதுக் குளத்தைத் தீண்டப்படாதார்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் கிடைக்கலை. 1927-இல் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைக் கூட்டிக்கிட்டுப் போய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. காகிதத்தில் இருக்கிற உரிமைக்கும் கைக்கு வருகிற பொருளுக்கும் நடுவில் யார் நிக்கிறான் என்று பார்க்கிற பழக்கத்தை நமக்கு மகாட் கொடுத்திருக்கு. அந்தக் கண்ணோடு ரேஷன் கடையைப் பார்ப்போம்.

* * *

பசித்தவனைச் சோதித்துப் பார்ப்பது இந்த அரசு எந்திரத்தின் ரத்தத்தில் ஊறியது. தாது வருசப் பஞ்சம் – 1876 முதல் 1878 வரை – நம்ம பாட்டன் பூட்டன் எலும்பெல்லாம் ரோட்டோரம் கிடந்த பஞ்சம். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் கல்கத்தாவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். எதுக்கு? பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க. உண்மையிலேயே பசியா, இல்லை சும்மா வந்து திங்கிறானா என்று கண்டுபிடிக்கச் சோதனைகள் வைத்தார்கள். தூரச் சோதனை: உன் ஊரை விட்டுப் பத்து மைலுக்கு அப்பால் நடந்து போனால்தான் வேலை. உழைப்புச் சோதனை: கல்லு உடைச்சால்தான் கூலி. கூலி நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே ஓரணா. அந்தக் கூலியில் மனுசன் பிழைக்க மாட்டான் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வெள்ளைக்காரனுக்குள்ளேயே வழக்கு நடந்தது. அந்த வழக்கு முடியிறதுக்குள்ள செத்தவன் செத்தான். முதலில் செத்தவன் நிலமில்லாதவன். நிலமில்லாதவன் யார் என்று இந்தக் கூட்டத்தில் நான் சொல்லணுமா?

'இவன் ஏமாத்துறானோ' என்கிற சந்தேகம்தான் அந்தச் சோதனைகளுக்கு அடிப்படை. நூற்றைம்பது வருசம் ஆகப் போகுது. கல்லுடைக்கிற சோதனை போய், கண்ணாடியில் விரல் அழுத்துற சோதனை வந்திருக்கு. சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கு.

விரல் ரேகைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. உலகத்துக்கே இந்தப் பழக்கம் நம்ம நாட்டில் இருந்துதான் போனது. 1858-இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதிய வைத்தார். சுதேசிக்காரன் பேச்சு மாறுவான், கையெழுத்தை மறுப்பான் என்று அவநம்பிக்கை. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. 1871-இல் பிறந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சாதி சாதியாகப் பட்டியல் போட்டு, ரேகை எடுத்து, ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். சனங்க அதுக்கு வச்ச பேரே 'ரேகைச் சட்டம்'. ரேகை வைக்க மறுத்து 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். குறவர் உள்ளிட்ட எத்தனையோ சமூகங்கள் அந்தப் பட்டியலில் அடைபட்டுக் கிடந்தன. 1952-இல்தான் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. குற்றவாளியைக் கண்காணிக்கக் கண்டுபிடித்த கருவி, அரிசி வாங்க வர்ற அம்மாவின் கைக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டோமா?

இதில் இன்னொரு கூத்து. எழுதப் படிக்கத் தெரியாத நம்ம அப்பன் ஆத்தாவை 'கைநாட்டு' என்று கேலி செய்தார்கள். கைநாட்டு என்றால் தற்குறி. அறிவொளி இயக்கம் வந்தது, கிழவிகள் எல்லாம் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க, கைநாட்டு என்கிற அவமானத்தில் இருந்து வெளியே வந்தாங்க. இப்ப என்ன ஆச்சு? நீ கையெழுத்துப் போடு, கவிதைகூட எழுது, எனக்கு அக்கறை இல்லை, கைநாட்டை வை என்கிறது எந்திரம்.

* * *

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்ம நிலைமை வடக்கு மாதிரி இல்லை. அதை நேர்மையாச் சொல்லணும். 1997-இல் ஒன்றிய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்துப் பொது விநியோகத்தைச் சுருக்கியபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எல்லாருக்கும் ரேஷன் என்பதில் கை வைக்க முடியவில்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இருந்து விலையில்லாமல் அரிசி. கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் நடத்துகின்றன. வடக்கே இருக்கிற மாதிரி தனியார் டீலரின் வீட்டுத் திண்ணையில் நம்ம அரிசி கிடக்கவில்லை. எல்லாருக்கும் என்பதால் 'நான் ஏழை' என்று நிரூபிக்கிற கேவலத்தில் இருந்து நம்ம சனம் பெருமளவு தப்பித்தது.

ஆனாலும் 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகு, 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அட்டையில் ஒரு குறியீடு ஏறியிருக்கு. முன்னுரிமை, முன்னுரிமை இல்லாதது, சர்க்கரை மட்டும், எந்தப் பொருளும் இல்லாதது. அந்தக் கடைசி வகையைப் பாருங்க. பொருளே கிடையாது, ஆனா அட்டை உண்டு. எதுக்கு? அடையாளத்துக்கும் முகவரிக்கும். பசிக்காக வந்த அட்டை, பசியை விட்டுவிட்டு அடையாளமாக மட்டும் நிக்குது.

ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவியின் போட்டோ உண்டு. 2017-இல் சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் ஒரு மூதாட்டியின் அட்டையில் நடிகை காஜல் அகர்வால் படம் அச்சாகி வந்தது. பத்திரிகைகள் எல்லாம் போட்டுச் சிரித்தன. நாமும் சிரித்தோம். ஒரு நிமிசம் யோசிங்க. அந்தப் பாட்டி போட்டோவைத் தப்பா ஒட்டியிருந்தா அது மோசடி. அரசாங்கம் தப்பா ஒட்டினா அது அச்சுப் பிழை. அதைத் திருத்த பாட்டிதான் நடக்கணும். தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடக்கிற நடை இருக்கே, அதை எந்தக் கணக்கிலும் எழுத மாட்டாங்க. பிழை யாருடையதாக இருந்தாலும் சுமக்கிறவர் ஒருத்தர்தான் என்கிற ஏற்பாட்டுக்கு நம்ம பாஷையில் என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும்.

2020 அக்டோபரில் கடைகளில் விரல் ரேகை முறை வந்தது. யார் விரல் எந்திரத்தில் விழுது, யார் விரல் விழலை? குவாரியில் கல்லுடைக்கிறவர், செங்கல் சூளையில் மண் மிதிச்சு அச்சு வார்க்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், பீடி சுத்துகிறவர், சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கை வைக்கிற சித்தாள், தோல் ஷெட்டில் ரசாயனத்தில் கை நனைக்கிறவர், எழுபது வயசு வரைக்கும் களை பறித்த கிழவி. இவங்க ரேகை எங்கே போச்சு? இந்த நாட்டைக் கட்டுறதில் தேய்ஞ்சு போச்சு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுற என் ரேகை பளிச்சுனு விழும். உழைப்பு அழித்த ரேகையைக் கொண்டுவா, அப்பத்தான் உழைச்சவளுக்கு அரிசி என்றால் இது என்ன நியாயம்? ஏகலைவன்கிட்டயாவது ஒரு தடவைதான் கட்டைவிரலைக் கேட்டான். நம்ம ஆத்தாகிட்ட மாசா மாசம் கேக்குறான்.

நான் வங்கியில் எழுத்தர். கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கிறவங்களை அன்றாடம் பார்க்கிறேன். அங்கேயும் போட்டோ உண்டு, ரேகை உண்டு. ஆனால் கவுண்டரில் ஒரு மனுசன் உட்கார்ந்திருக்கிறான். பாஸ்புக்கில் இருக்கிற படத்தைப் பார்க்கிறான், எதிரே நிக்கிற முகத்தைப் பார்க்கிறான், மை கலைஞ்சிருந்தா 'இன்னொருக்கா வை ஆத்தா' என்கிறான், அதிகாரி பார்த்துச் சான்றொப்பம் போடுறார். தப்பு செய்தால் பொறுப்பு எங்க தலையில். ரேஷன் கடை எந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிஞ்சா பொறுப்பு யார் தலையில்? விற்பனையாளர் 'சர்வர்' என்பார், சர்வரைக் கேட்டால் ஆதார் என்பார்கள், ஆதாரைக் கேட்க டெல்லிக்குப் போகணும். பண்ணையார் 'கிடையாது போ' என்றால் அவன் வாசலில் உட்காரலாம், கொடி பிடிக்கலாம். எந்திரம் 'கிடையாது' என்றால் எந்த வாசலில் உட்காருவது? மனுசனே இல்லாத இடத்தில் அதிகாரம் போய் ஒளிஞ்சுக்கிறதுதான் இன்றைக்கு நடக்கிற பெரிய மாற்றம்.

* * *

இதன் உச்சம் ஜார்க்கண்டில் நடந்தது. 2017 செப்டம்பர் 28. சிம்டேகா மாவட்டம். 11 வயசுத் தலித் சிறுமி. குடும்ப அட்டையை ஆதாரோடு இணைக்கலை என்று அட்டை ரத்தாகி மாதக்கணக்கில் ரேஷன் இல்லை. பூசை விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்து மதியச் சோறும் இல்லை. சோறு, சோறு என்று கேட்டுக்கிட்டே செத்துப்போனாள் என்றார் அந்தத் தாய். நிர்வாகம் என்ன சொன்னது? மலேரியா என்றது. சாவுக்குக்கூட அரசாங்கம்தான் அடையாள அட்டை கொடுக்கும். அதோடு முடியலை. ஊர்ப் பேரைக் கெடுத்துட்டாள் என்று அந்தத் தாயை ஊரே மிரட்டி, அவர் வீட்டை விட்டு ஓட வேண்டியதாச்சு. பிள்ளை பசியில் செத்ததால் ஊருக்கு அவமானம் இல்லை, அதை வெளியே சொன்னதால் அவமானம். அந்தத் தாய் அடங்கலை, தோழர்களே. நாடு முழுக்க சுமார் மூன்று கோடி அட்டைகள் ரத்தானதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2021 மார்ச்சில் நீதிமன்றம் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டு ஒன்றிய அரசிடம் பதில் கேட்டது.

சாவு வெளியே தெரிஞ்ச பிறகு, 2017 அக்டோபர் 24-இல் ஒன்றிய உணவு அமைச்சகம் ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இந்தத் தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க. கடைக்குப் போகிற தோழர்களுக்கு அது ஆயுதம்.

திருட்டைத் தடுக்கத்தானே இதெல்லாம் என்று படிச்சவங்க கேப்பாங்க. கேக்கட்டும். ரேஷனில் ரெண்டு வகைத் திருட்டு உண்டு. ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் வாங்குவது ஒண்ணு. ஆளைச் சரியாப் பார்த்துவிட்டு, 5 கிலோ எழுதி 4 கிலோ போடுவது இன்னொண்ணு. ரேகை எந்திரம் முதல் திருட்டைத்தான் பிடிக்கும். ரெண்டாவது திருட்டுக்கு அதுவே சாட்சியாகவும் நிக்கும் – 'உன் விரல் வச்சிருக்கியே, வாங்கிட்டதாத்தானே அர்த்தம்?' இதைப் பொருளியல் அறிஞர் ழீன் திரேஸ் போன்றவர்கள் ஜார்க்கண்டில் கடை கடையாகப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முரளிதரன், நீஹவுஸ், சுக்தங்கர் ஆகியோர் அங்கே பெரிய அளவில் நடத்திய ஆய்வும், ரேகை முறையால் மட்டும் கசிவு குறையவில்லை, ஆதார் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்புதான் சுமார் 10 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே அரசுச் சேவைகளில் சரிபார்ப்புத் தோல்வி 12 சதவீதம் என்று ஒத்துக்கொண்டது. தோல்வி என்றால் மறுப்பு என்று அர்த்தமில்லை, வேறு வழியில் கொடுக்கலாம் என்றும் சொன்னது. காகிதத்தில் வேறு வழி உண்டு. கடை வாசலில் உண்டா என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டு செப்டம்பர் 26-இல் வந்த தீர்ப்பில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மானியங்களுக்கு ஆதார் செல்லும் என்றாகிவிட்டது.

* * *

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். முகமும் ரேகையும் புது அடையாளங்கள். பழைய அடையாளம் ஒண்ணு இருக்கே, அதை எந்த எந்திரமும் கேக்க வேண்டியதில்லை. கடை எங்கே இருக்கு? பெரும்பாலும் ஊர்த் தெருவில். நாம எங்கிருந்து போறோம்? சேரியில் இருந்து. வரிசையில் யார் முன்னால், யார் பின்னால்? பையில் எப்படி விழுது? 2005-இல் சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும், தமிழ்நாடு உள்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் நடந்த கள ஆய்வை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அளவில் பாகுபாடு, விலையில் பாகுபாடு, தொடாமல் மேலே இருந்து பொருளைப் போடுவது எல்லாம் ரேஷன் கடையிலும் மதியச் சோற்றிலும் நடப்பதை அது பதிவு செய்தது. ரேகை வாங்கும்போது எந்திரத்துக்குத் தீட்டு இல்லை. அரிசி போடும் கைக்குத்தான் தீட்டு.

அட்டையைத் திருப்பி முகவரியைப் பாருங்க. போட்டோ என் முகத்தைத்தான் காட்டும். 'காலனித் தெரு' என்கிற ஒரு சொல் என் சாதியைக் காட்டிவிடும். பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், வேலை கேட்கிற கம்பெனி, வாடகைக்கு வீடு பார்க்கிற தெரு, எங்கே அட்டையை நீட்டினாலும் அவன் கண்ணு போட்டோவுக்குப் போறதுக்கு முன்னாடி முகவரிக்குப் போகும். 2025 ஏப்ரல் 29-இல் 'காலனி' என்கிற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல்லு போனால் மட்டும் போதுமா, கடை அந்தத் தெருவுக்கு வருமா என்றும் சேர்த்துக் கேப்போம்.

இப்ப அடுத்த கட்டமும் வந்தாச்சு. 2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சத்துணவுக்கு முகச் சரிபார்ப்பு கட்டாயம் என்று ஒன்றிய அரசு ஆக்கியது. அங்கன்வாடி ஊழியர் தன் செல்போனில் தாயின் முகத்தைப் படம் பிடிக்கணும், அது ஏற்கனவே எடுத்த படத்தோடு ஒத்துப்போகணும், அப்பத்தான் மாவுப் பாக்கெட். எட்டு மாசத்து வயிறு, ரத்தசோகை, வீங்கின முகம். ஒத்துப்போகலைன்னா? சிக்னல் இல்லைன்னா? அந்த ஊழியரும் மதிப்பூதியத்துக்கு வேலை செய்கிற ஏழைப் பெண்தான். ஏழையைக் கொண்டே ஏழையைச் சந்தேகப்பட வைக்கிற வித்தை இது. வயிற்றில் இருக்கிற பிள்ளை வெளியே வருமுன்னேயே அதன் சோற்றுக்குப் போட்டோ கேட்டாச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. 2018-இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கோடி கோடியாகக் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாம், கொடுத்தவர் பேர் மக்களுக்குத் தெரியாது. பேரை மறைக்கச் சட்டமே திருத்தினார்கள். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யும் வரைக்கும் அந்த மறைப்பு நடந்தது. வங்கிகளுக்குப் பெரிய கடனைக் கட்டாதவர்கள் விவரத்தைத் தர மாட்டோம் என்று ரிசர்வ் வங்கி உச்ச நீதிமன்றம் வரை வாதாடி, 2015 டிசம்பரில் தோற்றது. அட நம்ம ஊருக்கே வாங்க. 1892 அரசாணையின் வழியே நம்ம சனத்துக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கு? அதை அனுபவிக்கிறவங்ககிட்ட 'நீ பஞ்சமனா, அட்டையைக் காட்டு, ரேகையை வை' என்று எந்தத் தாசில்தாராவது கேட்டிருக்காரா? அந்த நிலம் நம்ம கையில் இருந்திருந்தால் இந்த வரிசையில் பாதிப் பேர் நின்றிருக்க மாட்டோம். உள்ளவனுக்கு மறைந்துகொள்ள உரிமை, இல்லாதவனுக்குக் காட்டிக்கொள்ளக் கடமை. அடையாளம் கேட்பது என்பதே மேலே இருந்து கீழே பாய்கிற அதிகாரம். மேல்நோக்கி அது ஒருநாளும் பாய்ந்ததில்லை.

* * *

இங்கே ஒரு தோழர் எழுந்து கேக்கலாம்: 'அட்டை வேண்டாம்னு சொல்றீங்களா? அட்டை கேட்டுப் போராடினவங்கதானே நாம?' சரியான கேள்வி. செங்கல் சூளையில் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களுக்கு, ஊர் ஊராகப் போகிற நரிக்குறவர்களுக்கு, நடைபாதையில் பிறந்தவர்களுக்குக் குடும்ப அட்டை என்பது 'நீயும் இந்த நாட்டு மனுசன்' என்று அரசு கொடுத்த முதல் காகிதம். அதை வாங்கித் தர நம்ம தோழர்கள் எத்தனை தடவை மனு கொடுத்திருக்கிறார்கள்! வட்டிக்காரன்கிட்ட அட்டை அடகில் இருக்கும், அவனே போய் அரிசியை வாங்கிடுவான். ரேகை வந்த பிறகு அது கஷ்டமாச்சு என்பதையும் ஒத்துக்கிறேன். ஒரே நாடு ஒரே ரேஷன் என்கிற ஏற்பாட்டில் திருப்பூருக்கு வந்த பீகார்த் தொழிலாளி இங்கேயே அரிசி வாங்க வழி வந்திருக்கு, அதையும் மறுக்கலை.

ஆக நான் அட்டைக்கு எதிரி இல்லை. என் கேள்வி வேறு. அட்டையை யார் யாரிடம் நீட்டுகிறார்கள்? 'இது என் உரிமை, எடு அரிசியை' என்று நான் நீட்டினால் அது என் ஆயுதம். 'நீ கள்ளன் இல்லை என்று காட்டு' என்று அவன் கேட்டால் அது அவன் ஆயுதம். அட்டை ஒண்ணுதான், அதைப் பிடிச்சிருக்கிற கைதான் வேற. அடையாளம் பொருந்தலை என்றால் எந்திரத்தைத் திருத்துங்க, விசாரணை நடத்துங்க, அன்னைக்கு அரிசியைக் கொடுத்துட்டு அப்புறமா நடத்துங்க. சந்தேகத்தின் பலனைக் கொலைக் கேசில் நிக்கிறவனுக்குக் கொடுக்கிற நாடு, பசியில் நிக்கிறவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்பதை எப்படி ஒத்துக்க முடியும்?

என்ன செய்யணும்? முழக்கத்தோடு நிறுத்திக்க வேண்டாம். சட்டத்தில் இருக்கிறதைக் கையில் எடுப்போம்.

ஒன்று, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. உரிய தானியம் கொடுக்கப்படவில்லை என்றால் உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது பணமாக ஈடு தரணும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவர் பேரிலும் இதைக் கேட்டு மனு எழுதுங்க.

இரண்டு, அதே சட்டத்தில் மாவட்டக் குறைதீர் அலுவலரும் மாநில உணவு ஆணையமும் உண்டு. வாய்ப் பேச்சாகப் புகார் சொல்லிவிட்டு வராதீங்க. எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. நம்ம சனத்துக்கு எதிராக எல்லாத்தையும் எழுதி வச்சவங்ககிட்ட எழுத்தால்தான் பேசணும்.

மூன்று, 28-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கை உண்டு. கடையின் இருப்புப் பதிவேடு, எடை, வந்த மூட்டை, போன மூட்டை எல்லாத்தையும் ஊர் நடுவில் படிக்கணும். சேரியிலும் படிக்கணும். சனங்களிடம் அடையாளம் கேட்கிற கடை, முதலில் தன் தராசின் அடையாளத்தைக் காட்டட்டும்.

நான்கு, ரேகை விழாதவருக்குக் கைப்பதிவேடு கட்டாயம். ஒருமுறை விழவில்லை என்றால் மறுநாள் வா என்பது கூடாது. மறுநாள் என்பது ஒரு நாள் கூலி.

ஐந்து, நடக்க முடியாதவர் வீட்டுக்குப் பொருள் போகணும். 2025 ஆகஸ்டில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகிற தாயுமானவர் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்த வண்டி எந்தத் தெரு வரை போகிறது, சேரியின் கடைசிக் குடிசை வரை வருகிறதா என்று பார்ப்பது நம்ம வேலை.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த மாசம் உங்க ஊருக் கடை திறக்கிற முதல் வாரத்தில் ஒரு நோட்டோடு போய் நில்லுங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேருக்கு எந்திரம் சிவப்பு காட்டிச்சு, அவங்க என்ன வேலை செய்றவங்க, எந்தத் தெரு, எத்தனை தடவை திரும்பி வந்தாங்க, கடைசியில் அரிசி கிடைச்சுதா – எழுதுங்க. அவங்க ரேகையைக் கேக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க. பேரைக்கூட அவங்க சொன்னால் மட்டும் எழுதுங்க. நம்மளை எண்ணி எண்ணி அவங்க ஆயிரம் பட்டியல் போட்டாச்சு. கொடுக்காமல் அனுப்பின பட்டியலை மட்டும் யாரும் போடலை. அதை நாம போடணும். பத்துக் கடையின் நோட்டு சேர்ந்தால் அது ஒரு வழக்கு, நூறு கடையின் நோட்டு சேர்ந்தால் அது ஓர் இயக்கம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிச்சுக்கிறேன். பசி என்பது உடம்பே கொடுக்கிற அடையாளம். அதைப் போலியாகத் தயாரிக்க முடியாது. ஒரு நாளும் அதை அறியாதவர்கள்தான் அதுக்குச் சான்றிதழ் கேக்குறாங்க. நம்ம முகம் எந்திரத்துக்குப் புரிகிறதோ இல்லையோ, நம்ம நெல்லு அவங்க எல்லாருடைய வயித்துக்கும் புரிஞ்சிருக்கு. அந்த நெல்லின் பேரில் பேசுவோம்.

ஜெய் பீம்.